கில்ஜியின் சந்தையும் களவெட்டி விலையும்

அலாவுத்தீன் கில்ஜியின் டில்லிச் சந்தை பற்றி நமக்குப் பழக்கமான பேச்சு இரண்டு வகை. ஒன்று பெருமைப் பேச்சு. ஒரு முஸ்லிம் சுல்தான் எழுநூறு வருஷத்துக்கு முன்னமே பதுக்கலை ஒழித்தார், மழை பொய்த்த வருஷத்திலும் கோதுமை விலையை ஏற விடவில்லை, இன்றைய அரசாங்கங்களால் முடியாததைச் செய்து காட்டினார் என்பது அது. மற்றது வசைப் பேச்சு. கொடுங்கோலன், வியாபாரியைச் சங்கிலியில் கட்டினான், குடியானவனைப் பிழிந்தான், எல்லாம் தன் படைக்குத் தீனி போட என்பது. வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேச்சுக்கும் முதல் ஆதாரம் ஒரே புத்தகம், அதிலும் ஒரே பகுதி. ஸியாவுத்தீன் பரனி பாரசீகத்தில் எழுதிய 'தாரீகே பீரோஸ் ஷாஹி'யில் சந்தை ஒழுங்குகளைச் சொல்லும் பக்கங்கள்தான் அவை. பெருமைக்காரர் பாதியை எடுக்கிறார், வசைக்காரர் மற்றப் பாதியை எடுக்கிறார். அந்தப் பக்கங்களை முழுதாக வைத்துப் படித்தால் என்ன தெரிகிறது என்பதே இந்தக் கட்டுரையில் என் வேலை.

முதலில் எழுதியவரைப் பார்ப்போம். பரனி இந்த நூலை முடித்தது 1357 அளவில். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. முஹம்மது பின் துக்ளக்கின் அவையில் பதினேழு வருஷம் கூட இருந்தவர். பீரோஸ் ஷாஹ் வந்த பிறகு செல்வாக்கு இழந்து, கைப்பொருளும் இழந்து, முதுமையில் வறுமைப்பட்டு எழுதியவர். அலாவுத்தீன் ஆண்ட 1296 முதல் 1316 வரையான காலத்தில் அவர் சிறு பையனாகவும் இளைஞராகவும் இருந்தவர். அவருடைய சிறிய தந்தை அலாவுல் முல்க் டில்லியின் கொத்தவாலாகப் பதவி வகித்தவர். ஆகவே, கேள்விப்பட்டதும் கண்டதும் ஐம்பது வருஷ நினைவும் கலந்த எழுத்து இது. பதவிக் குடும்பத்துப் பிள்ளையின் கண்ணால் பார்த்த டில்லி இது. கிராமத்திலிருந்து பார்த்த டில்லி அல்ல. இதை மனசில் வைத்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

பரனி சொல்லும் கதை இப்படிப் போகிறது. 1303இல் மங்கோலியர் டில்லியையே வந்து முற்றுகையிட்டார்கள். பெரிய நிரந்தரப் படை வேண்டும் என்று சுல்தான் முடிவெடுத்தார். குதிரைவீரனுக்கு வருஷச் சம்பளம் 234 தங்கா, இரண்டாவது குதிரை வைத்திருப்பவனுக்கு மேலும் 78 தங்கா என்று கணக்குப் போட்டார். இந்தச் சம்பளத்தில் ஒரு வீரன் குடும்பத்தோடு வாழ வேண்டுமென்றால் சாப்பாட்டுச் சாமான் மலிவாக இருக்க வேண்டும். அதற்காக விலையை நிர்ணயித்தார்கள். ஒரு 'மண்' கோதுமை ஏழரை ஜீதல், வாற்கோதுமை நான்கு, நெல் ஐந்து, உளுந்து ஐந்து, கடலை ஐந்து. பிற்காலத்தில் பெருத்த மண் அளவை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அன்றைய டில்லி மண் அதைவிட மிகச் சிறியது.

விலையை அறிவிப்பது லேசு, காப்பாற்றுவதுதான் கஷ்டம். பரனியின் பக்கங்கள் சுவையாக இருப்பது இந்த இடத்தில்தான். மாலிக் கபூல் என்ற பிரமுகரைத் தானியச் சந்தைக்கு அதிகாரியாகப் போட்டார்கள். 'ஷஹ்னா' என்பது பதவிப் பெயர். அவருக்குக் குதிரைப்படை, காலாட்படை, துணை அதிகாரி எல்லாம் உண்டு. கங்கை யமுனை இடைநிலத்தில் அரசுக்குரிய நிலங்களின் வரியைக் காசாக வாங்காமல் தானியமாகவே வாங்கி டில்லிக் களஞ்சியங்களை நிரப்பினார்கள். சந்தைச் செய்தி சுல்தானுக்கு ஒவ்வொரு நாளும் மூன்று வழியால் போனது: ஷஹ்னாவின் அறிக்கை ஒன்று, செய்தி அதிகாரியின் அறிக்கை ஒன்று, உளவாளிகளின் அறிக்கை ஒன்று. மூன்றும் ஒத்து வராவிட்டால் ஷஹ்னா பாடு திண்டாட்டம்தான். மழை குறைந்த ஒரு காலத்தில் விலையை அரை ஜீதல் கூட்டலாமா என்று கேட்டதற்கே அவருக்குப் பிரம்படி விழுந்ததாகப் பரனி எழுதுகிறார்.

ஆனால் இந்த ஏற்பாட்டின் அச்சாணி ஷஹ்னா அல்ல, தானியம் சுமந்தவர்கள். பொதிமாடுகளில் கிராமத்துத் தானியத்தை நகரத்துக்குக் கொண்டுவரும் வணிகர் கூட்டம் அது. பாரசீகத்தில் 'காரவானியான்' என்கிறார் பரனி. எங்கட தமிழில் தவளக்காரர் என்றால் உடனே விளங்கும். உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு மாட்டுத் தவளத்தோடு கண்டிச் சீமைக்கு ஏறியவர்களின் வழிவந்த நமக்கு இந்தத் தொழிலின் இயல்பு புதிதல்ல. எங்கே மலிவோ அங்கே வாங்கி, எங்கே கிராக்கியோ அங்கே விற்பதுதான் தவளக்காரனின் பிழைப்பு. வழியைத் தெரிவு செய்யும் சுதந்திரம்தான் அவனுடைய முதல். டில்லியில் அந்த முதலைத்தான் பறித்தார்கள். நாட்டின் தவளக்காரரெல்லாம் ஷஹ்னாவின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டார்கள். ஒருவருக்கு ஒருவர் பிணை நிற்கச் சம்மதிக்கும் வரை அவர்களுடைய தலைவர்களைச் சங்கிலியில் வைத்தார்கள். பெண்சாதி பிள்ளை, மாடு கன்றோடு யமுனைக் கரைக் கிராமங்களில் குடியேற்றி, மேலே ஒரு கண்காணியையும் வைத்தார்கள். ஒருவன் தவறினால் எல்லோரும் பொறுப்பு. இந்த ஏற்பாட்டுக்குப் பின் அரச களஞ்சியத்தைத் திறக்க வேண்டிய தேவையே வராத அளவுக்குத் தானியம் வந்து குவிந்தது என்கிறார் பரனி.

பெருமைக்காரருக்கு நியாயம் செய்ய வேண்டிய இடமும் இதே பக்கங்களில் உண்டு. மழை பொய்த்தபோது டில்லியில் பங்கீடு நடந்தது. ஒவ்வொரு பேட்டையின் தானியக் கடைக்காரருக்கும் அந்தப் பேட்டையின் சனத்தொகைக்கு ஏற்ற அளவு ஒவ்வொரு நாளும் சந்தையிலிருந்து அளந்து கொடுத்தார்கள். தனியாக வந்து வாங்குபவருக்கு அரை மண். சொந்தக் கிராமமில்லாத கண்ணியமானவர்களுக்கும் இதே ஒழுங்கு. நெரிசலில் ஒரு ஏழையோ பலவீனரோ மிதிபட்டுப் போனால், அது சுல்தானின் காதுக்கு எட்டினால், தண்டனை ஷஹ்னாவுக்கு. சும்மா சொல்லக்கூடாது, பதினான்காம் நூற்றாண்டில் ஒரு அரசு இப்படி யோசித்தது பெரிய விஷயம். வரிசையில் நிற்கும் பலவீனனின் உயிருக்கு உயர் அதிகாரியைப் பொறுப்பாக்கும் சட்டத்தை இன்றைக்கும் எத்தனை நாட்டில் காணலாம்?

இந்தப் படத்தைப் பரனி மட்டும் வரையவில்லை. இன்னும் இரண்டு சாட்சிகள் உண்டு. அவர்களையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் பரனியின் கை எங்கே அழுத்துகிறது என்று தெரியும்.

ஒன்று 'கைருல் மஜாலிஸ்'. டில்லியின் சிஷ்தி ஷெய்க் நஸீருத்தீன் சிராகின் உரையாடல்களை ஹமீத் கலந்தர் 1350களில் தொகுத்த நூல். அதில் வரும் அலாவுத்தீன் வேறு ஆள். வணிகர் தலைவரான காழி ஹமீதுத்தீன் ஒரு நாள் போய்ப் பார்க்கிறார். சுல்தான் தன் நினைவில்லாமல் யோசனையில் இருக்கிறார். இத்தனை சனத்துக்கு மேல் அல்லாஹ் என்னை வைத்திருக்கிறான், எல்லோருக்கும் போய்ச் சேரும்படி என்ன செய்வது, கஜானாவையே கொட்டினாலும் காணாதே என்பது அவருடைய கவலை. தானியத்தை மலிவாக்கினால் எல்லோர் வயிற்றுக்கும் போகும் என்று தோன்றுகிறது. தானியம் கொண்டுவரும் நாயக்குகளை அழைக்கிறார். பத்தாயிரம் மாடு வைத்திருப்பவர், இருபதாயிரம் மாடு வைத்திருப்பவர் என்று வருகிறார்கள். அவர்களுக்குச் சன்மான உடை கொடுத்து, வீட்டுச் செலவுக்குக் காசும் கொடுத்து, விலையை ஒப்புக்கொள்ள வைக்கிறார்.

மற்றது இப்னு பதூதா. 1334இல் டில்லிக்கு வந்தவர். அலாவுத்தீன் இறந்து கிட்டத்தட்ட இருபது வருஷத்துக்குப் பிறகு, சனங்கள் அவரை நல்ல சுல்தான் என்று புகழ்வதைக் கேட்டு எழுதியவர். அவர் கதையில் சங்கிலியும் இல்லை, சன்மானமும் இல்லை. தானியம் விலை ஏறியது, சுல்தான் களஞ்சியத்தைத் திறந்து மலிவாக விற்றார். பதுக்கியவர்கள் அரசு விலைக்கு விற்க மறுத்தார்கள். சரி, ஆறு மாசத்துக்கு நீங்கள் ஒருவரும் விற்கவே வேண்டாம் என்று தடுத்துவிட்டார். தானியத்தில் வண்டு விழப்போகிறதென்ற பயத்தில் அவர்களே வந்து கெஞ்ச, முதலில் மறுத்த விலையைவிடக் குறைவாக விற்கச் சம்மதித்தார்கள்.

மூன்று கதையிலும் விலை குறைகிறது. மாறுவது நடுவில் நிற்கும் வியாபாரி. பரனியிடம் அவன் சங்கிலியில் இருக்கிறான், சூபி சபையில் பொன்னாடை போர்த்தி நிற்கிறான், பயணியிடம் தோற்றுப்போன பதுக்கல்காரனாக வருகிறான். இதில் எது உண்மை என்று ஒன்றைப் பொறுக்குவதைவிட, ஒவ்வொருவரும் ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்பது பயன் தரும். ஆட்சி என்றால் அச்சம் என்று நம்பிய அரண்மனைக்காரர் பரனி. ஷெய்க்கின் சபையில் ஒரு செயலின் தரத்தை நிய்யத்தால் அளப்பார்கள், ஆகவே அங்கே சுல்தானின் மனசு முன்னுக்கு வருகிறது. இப்னு பதூதா சனங்களின் வாய்க்கதையை எழுதினார், வாய்க்கதைக்குக் கெட்டிக்காரத் தந்திரம் ஒன்று வேண்டும். படைக்காகவா மக்களுக்காகவா என்று சரித்திர ஆசிரியர்கள் நீண்ட காலமாக வாதாடுவதற்கும் இந்த வித்தியாசமே காரணம். நடக்கக்கூடியதையா பரனி எழுதினார் என்ற ஐயத்துக்கு 1984இல் இர்பான் ஹபீப் விரிவான கட்டுரை எழுதிப் பரனியின் பக்கம் நின்றார். நானும் பரனியின் விவரங்களை நம்புகிறேன். என் கேள்வி அவர் சொல்லாமல் விட்டதைப் பற்றியது.

மூன்று சாட்சியிலும் ஒரு ஆளின் குரல் கேட்கவே இல்லை. விளைவித்தவன். பரனியின் விலைப்பட்டியல் டில்லிச் சந்தையின் பட்டியல். களத்தில் விவசாயியின் கையில் எத்தனை ஜீதல் விழுந்தது என்ற கணக்கு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அதைச் சுற்றியுள்ள விதிகளைப் பரனியே தருகிறார். வரி விளைச்சலில் பாதி. அந்த வரியை அறுவடையோடு கறாராகக் கேட்பார்கள். விவசாயி பதுக்கக்கூடாது, களத்திலேயே தவளக்காரருக்குக் கொடுத்துவிட வேண்டும். அப்படிக் கொடுக்கச் செய்வோம் என்று அந்தந்தப் பகுதி அதிகாரிகள் எழுத்தில் உறுதி தர வேண்டும். மிஞ்சியதைத் தானே சந்தைக்குக் கொண்டுபோய் விற்கலாம் என்ற ஒரு வழி இருந்தது, ஆனால் அங்கேயும் அரசு விலைதான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மேலே டில்லி விலை ஏழரை ஜீதலில் ஆணி அடித்து நிற்கிறது. நடுவில் தவளக்காரனுக்கு மாட்டுத் தீனி, ஆள் கூலி, வழிச்செலவு இருக்கிறது. அவனால் மேலே கூட்டிக் கேட்க முடியாது. தொழிலை விட்டுப் போகவும் முடியாது, பிள்ளை குட்டி யமுனைக் கரையில் பிணையாக இருக்கிறது. அப்போது அவன் எங்கே குறைத்துக் கேட்பான்? கீழே, களத்தில். களத்துக்காரனோ வரிக்காரன் வாசலில் நிற்கும்போது, வேறு யாருக்கும் விற்க முடியாத நிலையில், கிடைத்ததை வாங்கிக்கொள்வான். டில்லி மலிவின் பாரம் கடைசியில் இறங்கிய இடம் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம், ஆனால் பரனியின் விதிகளே கொண்டுபோய் விடும் ஊகம். சம்மாந்துறையிலோ நிந்தவூரிலோ சூடடித்த கையோடு களவெட்டியிலேயே நெல்லை அளந்து கொடுத்த அனுபவமுள்ள வாசகருக்கு இதை நான் நீட்டி விளக்கத் தேவையில்லை. கடன்காரன் நிற்கும் களத்தில் விலை பேசும் வாய் யாருக்கு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

இந்த இடத்தில் பிக்ஹு என்ன சொல்கிறது என்று பார்க்காமல் அலாவுத்தீனை 'இஸ்லாமியப் பொருளாதாரத்தின் முன்னோடி' என்று எழுதுவது அவசரம். மதீனாவில் விலை ஏறியபோது விலையை நிர்ணயிக்கும்படி கேட்கப்பட்ட நபி (ஸல்) அவர்கள் மறுத்தார்கள், எவருக்கும் அநியாயம் செய்த பாக்கியில்லாமல் அல்லாஹ்வைச் சந்திக்க விரும்புவதாகச் சொன்னார்கள் என்ற ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. நாம் பெரும்பாலும் ஷாபிஈகள். நமது மத்ஹபில் ஆட்சியாளர் விலை நிர்ணயிக்க இடம் மிகக் குறைவு. டில்லி ஹனபி ஊர். அங்கே ஆதாரமாக ஓதிய 'ஹிதாயா'வும் பொதுவில் விலை நிர்ணயத்தை விரும்பவில்லை. உணவு விற்பவர்கள் எல்லை மீறினால், வேறு வழியில்லாதபோது, விஷயம் தெரிந்தவர்களோடு ஆலோசித்துச் செய்யலாம் என்கிறது. பதுக்கலை அது கண்டிக்கிறது. ஆனால் தன் சொந்த நிலத்து விளைச்சலை வைத்திருப்பவன் பதுக்கல்காரன் ஆகமாட்டான் என்றும் அதே நூல் சொல்கிறது. அலாவுத்தீனின் சட்டம் பதுக்கல்காரன் என்று பெயர் வைத்துத் தடுத்தவர்களில் அந்த ஆளும் ஒருவன்.

அலாவுத்தீனின் அதே காலத்தில் டமஸ்கஸில் வாழ்ந்தவர் இப்னு தைமிய்யா (1263-1328). ஹிஸ்பா பற்றிய அவருடைய நூலில் நம் விஷயத்துக்கு நேராக வந்து நிற்கும் ஒரு வாதம் உண்டு. உணவுப் பொருளைக் குறிப்பிட்ட சிலர் மட்டுமே வாங்கி விற்கலாம் என்று ஆட்சியாளர் வைத்துவிட்டால், அங்கே விலை நிர்ணயம் கடமையாகிவிடுகிறது என்கிறார். அதை அவர் இரண்டு பக்கமும் வைக்கிறார். நியமிக்கப்பட்டவர்கள் நியாய விலைக்குத்தான் விற்க வேண்டும், நியாய விலைக்குத்தான் வாங்கவும் வேண்டும். இல்லாவிட்டால் அநியாயம் இரண்டு பேருக்கு: அவர்களிடம் விற்கக் கட்டாயப்படுத்தப்பட்டவனுக்கும், அவர்களிடம் வாங்கக் கட்டாயப்படுத்தப்பட்டவனுக்கும். இந்த ஒரு அளவுகோலை டில்லிச் சந்தையில் வைத்துப் பார்த்தால் போதும். வாங்குபவன் பக்கத்தை அலாவுத்தீன் பிரமாதமாகக் காத்தார். விற்பவன் பக்கத்தைக் காத்ததற்குப் பரனியிடம் சாட்சி இல்லை.

சுல்தானுக்கு இதில் மயக்கம் இருந்ததாகவும் தெரியவில்லை. பரனியின் நூலிலேயே, சந்தைப் பகுதிக்கு முன்னால், காழி முகீஸோடு அவர் பேசும் காட்சி வருகிறது. தன்னுடைய கட்டளைகள் ஷரீஅத்தில் கூடுமா கூடாதா என்று தனக்குத் தெரியாது, நாட்டுக்கு எது நல்லதென்று படுகிறதோ அதைச் செய்கிறேன், மறுமையில் அல்லாஹ் என்ன செய்வானோ அதுவும் தெரியாது என்ற கருத்தில் பேசுகிறார். அவரே கேட்காத பட்டத்தை நாம் ஏன் அவருக்குச் சூட்ட வேண்டும்?

இன்னொரு காரணத்துக்காகவும் நாம் கவனமாகப் படிக்க வேண்டும். அந்தக் கிராமத்துத் தலைவர்களும் குடியானவர்களும் பெரும்பாலும் இந்துக்கள். அவர்கள் அடங்கி ஒடுங்கிப் போனதை எழுதும்போது பரனியின் பேனாவில் ஒரு சந்தோஷம் கசிகிறது. தாழ்ந்த பிறப்புக்காரருக்குக் கல்வி கொடுக்கக்கூடாது என்று தன் 'பதாவாயே ஜஹாந்தாரி'யில் எழுதியவரும் இவர்தான். பரனியின் பெருமையை அப்படியே வாங்கிக்கொள்ளும் வாசகன், அந்தச் சந்தோஷத்தையும் தெரியாமல் சேர்த்து வாங்கிக்கொள்கிறான். சிறுபான்மையாக வாழ்ந்து, நமது கடைக்காரனைப் பொதுவெளியில் பதுக்கல்காரன் என்று பேசும்போது வலிக்கிற நாம், வேறொரு காலத்தில் வேறொரு சனத்தின் வியாபாரியும் விவசாயியும் அப்படிப் பேசப்படும்போது கைதட்டலாகாது.

கடைசியில் அந்த ஏற்பாட்டுக்கு என்ன நடந்தது? 1316இல் சுல்தான் இறந்தார். மகன் குத்புத்தீன் முபாரக் காலத்தில் ஒழுங்குகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன, விலைகள் ஏறின. கூலியும் ஏறியது. துணிச் சந்தைக்காக அரச கஜானாவிலிருந்து இருபது லட்சம் தங்கா முற்பணம் கொடுத்து நியமிக்கப்பட்டிருந்த முல்தானி வணிகர்கள் தங்கள் இஷ்டத்துக்கு விற்று லாபம் பார்த்தார்கள் என்று பரனி வருத்தப்படுகிறார். குதிரைச் சந்தைத் தரகர்கள் இரண்டு பக்கமும் காசு வாங்கிச் சந்தைக்கே எசமானர்களாக இருந்ததையும், அவர்களைச் சுல்தான் தூரத்துக் கோட்டைகளுக்கு அனுப்பியதையும் சொன்னவர் அவர். நடுவில் நிற்பவனைச் சங்கிலியாலும் பிணையாலும் பிடித்து வைத்த ஒழுங்கு, பிடித்த கை விழுந்ததும் விழுந்தது. வாங்குபவன், விற்பவன், சுமப்பவன் மூன்று பேருக்கும் அதில் ஒரு பங்கு இருந்திருந்தால், அதைக் காக்கவும் யாராவது இருந்திருப்பார்கள்.

ஆகவே பரனியின் இந்தப் பக்கங்களை நமது வாசிப்பிலிருந்து தள்ளிவிடச் சொல்ல மாட்டேன். நமது மத்ரஸாக்களிலும் வாசிப்பு வட்டங்களிலும் இதை ஹிதாயாவோடும் இப்னு தைமிய்யாவோடும் கைருல் மஜாலிஸோடும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். நெரிசலில் மிதிபட்டவனுக்காக அதிகாரியைத் தண்டித்த அரசை மெச்சலாம், மெச்சத்தான் வேண்டும். அதே மூச்சில், களவெட்டியில் நின்றவனுக்கு என்ன விலை கிடைத்தது என்றும் கேட்க வேண்டும். தானிய வியாபாரத்தைச் சிலர் கையில் ஒப்படைக்கும் எந்த அரசிடமும் கேட்க வேண்டிய கேள்வி அது. சந்தை விலை எவ்வளவு என்று மட்டும் சொல்கிறவர் நமக்குப் பாதிக் கணக்கைத்தான் காட்டுகிறார்.